பூச்செடி அடியில் கோரையும் கொடியும்: தோட்டத்துப் புதர்ச்செடிகளைக் களையிடமிருந்து காப்பாற்றும் முழு வழிகாட்டி

செம்பருத்தி, மல்லி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, அரளி, கறிவேப்பிலை. வீட்டைச் சுற்றி அரை சென்ட் மண் இருந்தாலும் இந்தப் பட்டியலில் பாதியாவது நம் ஊரில் நின்றுகொண்டிருக்கும். எல்லாமே தாக்குப்பிடிக்கும் செடிகள். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் பல வருஷம் கவலை இல்லை என்று விட்டுவிடுகிறோம். அடியில் என்ன முளைக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மொட்டு சிறுத்து, இலை வெளிறி, பூ குறைந்த பிறகுதான் ‘உரம் பத்தலையோ’ என்ற சந்தேகம் வருகிறது. உரமும் போடுகிறோம். அதில் பெரும்பங்கு கோரைக்கும் அருகுக்கும் போய்ச் சேர்கிறது.

காரணம் எளிது. புதர்ச்செடிகளின் ஆணிவேர் ஆழத்தில் இருந்தாலும், தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் சல்லிவேர்கள் மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் பரவியிருக்கும். களைகளின் வேரும் அதே ஒரு சாணில்தான். கொடிக்களை என்றால் மேலேயும் தொல்லை: செடியின் தலையில் போர்வை போட்டு வெயிலை மறைத்துவிடும். மூன்றாவது தொல்லை பலருக்குத் தெரியாது. செம்பருத்தியை வெள்ளையாக அப்பிக்கொள்ளும் மாவுப்பூச்சிக்குப் பார்த்தீனியமும் ஒரு தங்குமிடம். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் கண்டறியப்பட்டு, பப்பாளித் தோட்டங்களைச் சூறையாடிய பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விடவில்லை, பார்த்தீனியத்தையும் விடவில்லை. செம்பருத்திக்கு மட்டும் வேப்பெண்ணெய் தெளித்துவிட்டு, பக்கத்தில் பார்த்தீனியத்தை நிற்கவிட்டால் பூச்சி திரும்பி வர நாலு அடி நடந்தால் போதும்.

சரி, ஆள் வைத்துக் கொத்திவிட்டால் முடிந்ததா? முடிவதில்லை. இரண்டே வாரத்தில் மறுபடி பச்சை. மந்திரவாதி கதை எல்லோருக்கும் தெரியும். அவன் தலையை எத்தனை முறை வெட்டினாலும் ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கிறது. களையும் அதே ரகம். ஒவ்வொரு களையும் உயிரை ஒவ்வோர் இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறது: ஒன்றுக்கு விதையில், ஒன்றுக்குக் கிழங்கில், ஒன்றுக்குக் கணுவில். அந்த இடம் தெரியாமல் கொத்துவதுதான் வீண் கூலி.

முதல் வேலை: இனம் பிரிப்பது

கொத்தைக் கையில் எடுக்கும் முன் ஒரு அரைமணி நேரம் குனிந்து பாருங்கள். செடியடியில் பச்சையாக இருப்பதை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

விதையால் மட்டும் பரவுபவை: பார்த்தீனியம், நாயுருவி, சாரணை, குப்பைமேனி போன்றவை. பூக்கும் முன் வேரோடு பிடுங்கினால் அந்தச் செடியின் கதை முடிந்தது.

கிழங்கால் வாழ்பவை: இதில் தலைவன் கோரை. புல் என்று நினைத்துப் பலர் ஏமாறுவது இதனிடம்தான். பூக்காம்பைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லாக இருந்தால் வழுக்கிக்கொண்டு உருளும். கோரையாக இருந்தால் மூன்று விளிம்பு விரலில் தட்டும். அதன் காம்பு முக்கோணம். இலைகளும் மூன்று வரிசையாக அடியிலிருந்து கிளம்பும், மினுமினுப்பாக இருக்கும்.

கணுவால் ஓடுபவை: அருகம்புல், அப்புறம் நர்சரியில் ‘தரை மூடும் செடி’ என்று காசு கொடுத்து வாங்கி வருகிற மஞ்சள் பூ வெடிலியா. ஒரு கணு மண்ணைத் தொட்டால் போதும், அங்கே வேர் விடும்.

ஏறும் கொடிகள்: கோவை, சிறுபூனைக்காலி, வேலிப்பருத்தி, முடக்கத்தான். இவற்றில் கோவைக்கு அடியில் பருத்த வேர்க்கிழங்கு உண்டு. மற்றவை பெரும்பாலும் விதையை நம்புபவை.

உறிஞ்சிகள்: மஞ்சள் நூலைப் பிரித்துப் போட்டதுபோல் செடிமேல் கிடக்கும் அம்மையார் கூந்தல். இதற்கு இலை கிடையாது. நிலைத்த வேரும் கிடையாது. கடற்கரைப் பக்கத்து ஊர்களில் இதே தோற்றத்தில் கொத்தான் கொடியும் இருக்கும். குடும்பம் வேறு, கைவரிசை ஒன்றுதான்.

கட்டைச் செடிகள்: உண்ணிச்செடி, சீமைக் கருவேலம். முளையாக இருக்கும்போது கண்டுபிடித்தால் ஒரு இழுப்பு, ஆளுயரம் வளர்ந்த பின் கடப்பாரை.

எல்லாப் பச்சையும் எதிரி இல்லை. கீழாநெல்லி, குப்பைமேனி, மூக்கிரட்டை, அம்மான் பச்சரிசி இவையெல்லாம் நாட்டு மருந்துக்கும் கீரைக்கும் ஆகிறவை. செடியடியில் கூட்டம் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். அவற்றோடு மல்லுக்கட்டும் நேரத்தைக் கோரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது இறங்குவது

மழை நின்ற இரண்டாம் நாள். மண் ஈரமாக இருக்கும், ஆனால் காலில் ஒட்டாது. வேர் அறுபடாமல் முழுசாக வரும். காய்ந்த மண்ணில் பிடுங்கினால் தலை கையோடு வரும், வேர் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும். மழை இல்லாத காலமென்றால் முதல்நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விட்டு மறுநாள் காலை இறங்கலாம்.

வருஷக் கணக்கில் மூன்று முறை களை கூட்டமாக முளைக்கும்: கோடை மழைக்குப் பின், ஆடி மழைக்குப் பின், ஐப்பசி அடைமழைக்குப் பின். இந்த மூன்று முறையும் முளைத்துப் பத்துப் பதினைந்து நாளுக்குள் ஒரு சுற்று வந்துவிட்டால் வருஷத்து வேலையில் பெரும்பாதி தீர்ந்துவிடும். அந்த வயதில் களைக்கு இரண்டு மூன்று இலைதான் இருக்கும். விரல் நுனியால் கிள்ளி எடுக்கலாம். ‘கொஞ்சம் பெருசாகட்டும், பிடுங்க வசதியா இருக்கும்’ என்று விடுவதுதான் வம்பு. பார்த்தீனியம் முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்திலேயே பூத்துவிடும்.

மல்லி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல தருணம் உண்டு. நவம்பர் கடைசி, டிசம்பரில் கவாத்து செய்யும்போது, அதாவது கிளைகளை வெட்டிக் குறைக்கும்போது, செடி ஒரு முழ உயரத்துக்குக் குறுகிவிடும். அடி முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். கொடிக்களையின் அடித்தண்டையும், வருஷம் முழுக்கச் செடிக்குள் மறைந்திருந்த கோரைத் திட்டையும் எடுக்க அதைவிட வசதியான நாள் கிடைக்காது. கவாத்தை மட்டும் முடித்துவிட்டு அடியை அப்படியே விட்டால், வெட்டவெளியாகிவிட்ட மண்ணில் வெயில் பட்டு மல்லி துளிர்ப்பதற்குள் களை துளிர்த்துவிடும்.

செடியடி வட்டம்

உச்சி வெயிலில் செடியின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறதோ அதுதான் செடியடி வட்டம். அதற்குள் மண் சுத்தமாக இருந்தால் போதும். தோட்டம் முழுக்கச் சுத்தமாக வைக்கிறேன் என்று கிளம்பினால் இடுப்பு போய்விடும்.

வட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்டிலிருந்து ஒன்றரைச் சாண் தூரம் வரை கையால் மட்டும் எடுக்கவேண்டும். கொத்து, மண்வெட்டி எதுவும் அங்கே வரக்கூடாது. அதற்கு வெளியே களைக்கொத்தால் சுரண்டலாம், இரண்டு மூன்று விரல்கடை ஆழத்துக்கு மேல் போகாமல். ஆழமாகக் கொத்தினால் செடியின் சல்லிவேர் அறுந்துபோகும். அதோடு மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்த களைவிதையைப் புரட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து முளைக்கவும் வைப்போம். நன்றாகக் கொத்திய தோட்டத்தில் அடுத்த மழைக்குக் களை அதிகமாக வருவதன் ரகசியம் இதுதான்.

புல் வெட்டும் மெஷின் பற்றி ஒரு வார்த்தை. வாடகைக்கு வரும் ஆள் நைலான் நரம்பைச் சுழலவிட்டு, செடியின் அடித்தண்டை ஒட்டி ஓட்டுவார். வேலை பளிச்சென்று இருக்கும். நரம்பு பட்ட இடத்தில் பட்டை உரிந்து, தண்டைச் சுற்றி ஒரு வளையம் விழுந்திருந்தால் இலையில் செய்த உணவு வேருக்கு இறங்காது. அடுத்த சில மாதத்தில் நன்றாக நின்ற செம்பருத்தி காரணம் தெரியாமல் பட்டுப்போகும். தண்டைச் சுற்றி ஒன்றரைச் சாணுக்கு மெஷின் வரக்கூடாது என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கோரை: பட்டினி போடுங்கள்

உலகத்தின் மிக மோசமான களை என்று களையியல்காரர்கள் கோரையைத்தான் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். அதைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. ஒரு கோரையை நிதானமாக, சுற்றிலும் மண்ணை விலக்கிக்கொண்டு பின்தொடர்ந்து பாருங்கள். வெள்ளைத் தண்டு மண்ணுக்குள் இறங்கும், அடியில் சின்னதாய் ஒரு பருமன். அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு கறுத்த இழை பக்கவாட்டில் ஓடும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் சுண்டைக்காய் அளவில் கறுப்பாக, நார் போர்த்திய ஒரு கிழங்கு. உடைத்தால் உள்ளே வெளுப்பு, மூக்கில் ஏறும் மருந்து வாசனை. நாட்டு மருந்துக்கடையில் விற்கும் கோரைக்கிழங்கு இதுதான். கதை அங்கே முடியாது. அந்தக் கிழங்கின் மறுமுனையிலிருந்து இன்னொரு இழை, இன்னொரு கிழங்கு. பெரும்பாலானவை ஒரு சாண் ஆழத்துக்குள் இருக்கும். சில இரண்டு சாண் வரை போகும்.

இந்தச் சங்கிலியில் முன்னால் இருக்கும் கிழங்கு முளைத்து நிற்கும்போது மற்றவை தூங்கும். மேலே வெட்டினாலோ, கொத்தால் இழையை அறுத்தாலோ தூங்கியவை ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்துகொள்ளும். ஒரு கோரையை வெட்டி நாலு கோரை வாங்குவது இப்படித்தான்.

நிற்கும் செடியைச் சுற்றி இதை முழுசாகத் தோண்டி எடுக்க முடியாது. முயன்றால் கோரைக்கு முன் செடி போகும். என் யோசனை, ஒழிக்கும் ஆசையை விட்டுவிட்டுப் பட்டினி போடுவது. முளைத்த கோரை தன் இலையால் சம்பாதித்து மூன்று நாலு வாரத்தில் புதுக் கிழங்கு கட்ட ஆரம்பிக்கும். அதற்கு முன் இழுத்துவிட்டால் கிழங்குக்குச் செலவு மட்டும்தான், வரவு இல்லை. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தவறாமல், தலை தெரிந்த கோரையை எல்லாம் அடியோடு சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுங்கள். கிழங்கு வந்தால் லாபம், வராவிட்டாலும் பரவாயில்லை. முதல் இரண்டு மாதம் ஒன்றும் குறையாதது போலத்தான் தோன்றும். பிறகு வருகிற கோரையின் இலை மெலிய ஆரம்பிக்கும். கிழங்கில் சேமிப்பு கரைகிறது என்று அர்த்தம். நடுவில் ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து.

கூடவே நிழலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோரையும் சரி, அருகும் சரி, வெயிலை நம்பி வாழ்பவை. செம்பருத்தியின் கீழ்க்கிளைகளை அழகுக்காக மொட்டையடித்து, ஒற்றைக் காலில் மரம் மாதிரி நிற்கவைத்தால் அடியில் வெயில் கொட்டும், கோரைக்குக் கொண்டாட்டம். கீழ்க்கிளைகளை விட்டுவிடுங்கள்; செடியே தன் அடியைக் காத்துக்கொள்ளும்.

மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக் கோரையை அடக்கலாம் என்று நினைக்கவேண்டாம். ஊசி மாதிரி குத்திக்கொண்டு மேலே வந்துவிடும்.

அருகும் வெடிலியாவும்

அருகம்புல் பிள்ளையாருக்கு ஆகும், ஜூஸுக்கு ஆகும், மல்லிகைப் பாத்திக்கு ஆகாது. மண்ணுக்கு மேலே ஒரு கொடி, மண்ணுக்குள்ளே ஒரு கொடி என்று இரட்டை ஓட்டம் ஓடுகிற புல் இது. மண்வெட்டியால் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு நாற்று. ஈர மண்ணில் கடப்பாரையையோ முள்கரண்டியையோ இறக்கி மண்ணை நெம்பித் தளர்த்திவிட்டு, கொடியை ஒரு முனையில் பிடித்து நீளமாக உருவுங்கள். அறுந்த துண்டுகளைப் பொறுக்கி எடுக்காமல் நகரக்கூடாது.

பெரும்பாலும் அருகு புல்தரையிலிருந்தோ வேலியோரத்திலிருந்தோதான் பாத்திக்குள் நுழையும். அந்த எல்லையில் கடப்பா கல்லை நட்டுக்குத்தலாக, ஒரு சாண் மண்ணுக்குள்ளும் நாலு விரல் வெளியிலும் இருக்கும்படி புதைத்துவிட்டால் உள்கொடி தடைபடும். மேல்கொடி கல்லைத் தாண்டும்போது கண்ணில் படும், கத்தரித்துவிடலாம். கற்களுக்கு நடுவே இடைவெளி விட்டால் செய்த செலவு வீண்.

வெடிலியாவுக்கும் இதே வைத்தியம். ஏற்கெனவே அதை நட்டு, இட்லிப்பூவை அது மூடிக்கொண்டிருக்கிறது என்றால் மொத்தமாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் வல்லாரையோ பொன்னாங்கண்ணியோ வையுங்கள். அவையும் ஓடும், ஆனால் ஓடினால் சமைத்துவிடலாம்.

பார்த்தீனியம்

இந்தியாவில் இது முதலில் கவனத்துக்கு வந்தது 1950-களின் நடுவில், புனேயில். வெளிநாட்டுக் கோதுமையோடு வந்தது என்பது பரவலான கருத்து. பிறகு நாடு முழுக்கப் பரவ அதற்கு ரயிலும் லாரியும் போதுமாக இருந்தன. நன்கு வளர்ந்த ஒரே செடி 15,000-க்கும் மேல் விதை தள்ளக்கூடியது. அதன் வேரிலிருந்தும் இலைக்குப்பையிலிருந்தும் கசியும் பொருள்கள் பக்கத்துச் செடிகளின் முளைப்பையும் வளர்ச்சியையும் கெடுக்கும்.

இதை அடையாளம் காண வேண்டிய வயது, தரையோடு தரையாக வட்டமாகப் படுத்திருக்கும் இளம் பருவம். கேரட் இலை மாதிரி கிழிந்த இலை. அப்போதே அடியில் விரலைவிட்டு வேரோடு எடுத்துவிட்டால் ஒரு வேலையும் இல்லை. தண்டு நீண்டு வெள்ளைப் பூ வந்துவிட்டால், கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கில் துணி இல்லாமல் தொடவேண்டாம். தோலில் அரிப்பும் கொப்புளமும் வரும். மகரந்தம் மூச்சிழுப்பைக் கிளப்பும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடவேண்டும். பூத்த செடியை உலுக்காமல் மெதுவாகச் சாக்கில் இறக்குங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்பு கரைத்துப் பார்த்தீனியத்தின் மேல் தெளிக்கச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது வேலை செய்யும், ஆனால் பயிரே இல்லாத தரிசுக்கும் சாலையோரத்துக்கும் சொன்ன வைத்தியம். மல்லி வேருக்கு எட்டும் தூரத்தில் உப்பு இறங்கினால் பார்த்தீனியத்தோடு மல்லியும் போகும். உப்பு மண்ணைவிட்டுச் சீக்கிரம் போகாது.

பார்த்தீனிய இலையைக் கடித்துத் தின்னும் ஒரு சின்ன வண்டைப் பார்த்தால் அடிக்காதீர்கள். வெளிர் நிறத்தில், முதுகில் பழுப்புக் கோடுகள் போட்டிருக்கும். மெக்சிகோவிலிருந்து தருவித்து, 1984-ல் பெங்களூருவில் இதற்கென்றே விடப்பட்ட இனம். மழைக்காலத்தில் தன்பாட்டுக்கு வேலை பார்க்கும்.

கொடிகள், அம்மையார் கூந்தல், உண்ணி

கொடியை மேலிருந்து இழுப்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை. இழுத்தால் செடியின் இளங்கிளையும் மொட்டும் சேர்ந்து வரும். கொடியின் அடித்தண்டைத் தேடிப்போய் மண்மட்டத்தில் நறுக்குங்கள். மேலே இருப்பதை ஒரு வாரம், பத்து நாள் காயவிடுங்கள். காய்ந்தபின் உதறினாலே நொறுங்கி வந்துவிடும். காய் பிடித்திருந்தால் மட்டும் காயும் முன்பே காய்களைப் பறித்துவிட வேண்டும். முடக்கத்தானும் வேலிப்பருத்தியும் காய்ந்தால் விதையைச் சிதறவிடும். கோவை என்றால் நறுக்கிய இடத்துக்குக் கீழே தோண்டி வேர்க்கிழங்கை எடுக்காமல் விடக்கூடாது. செடியின் வேரோடு பின்னிக்கொண்டு எடுக்க முடியாமல் இருந்தால், துளிர் வரும்போதெல்லாம் கிள்ளிக் கிள்ளிக் கோரைக்குச் சொன்ன பட்டினி வைத்தியம்தான்.

அம்மையார் கூந்தல் விஷயத்தில் தயவுதாட்சண்யம் கூடாது. நூலை மட்டும் உருவி எடுப்பதில் பயன் இல்லை. அது செடியின் பட்டைக்குள் உறிஞ்சு வேரை இறக்கியிருக்கும். அந்த இடத்திலிருந்து மறுபடி கிளம்பும். நூல் சுற்றிய கிளையை, சுற்றிய இடத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டி எடுத்துவிடுங்கள். கீழே விழுந்த சின்னத் துண்டுகூட அடுத்த செடியைத் தொட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால், வெட்டும் முன் அடியில் ஒரு பழைய துணியை விரித்துக்கொள்வது நல்லது. வெட்டியதை எரியுங்கள் அல்லது பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வையுங்கள். உரக்குழி வேண்டாம். பூத்து விதை விட்டிருந்தால் அந்த விதை மண்ணில் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். வேலி முழுக்க மஞ்சளாகிவிட்டதென்றால் பாதிச் செடியைக் காப்பாற்றப் பார்க்காமல் தரையோடு வெட்டுங்கள். அரளியும் நந்தியாவட்டையும் அடியிலிருந்து துளிர்த்துவிடும்.

உண்ணிச்செடி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்து இறங்கியது. இன்று முதுமலையில் யானைக்கும் மானுக்கும் புல் முளைக்க இடம் விடாமல் காட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. (நீலகிரி மலைப்பகுதிப் பழங்குடி மக்கள் அதே உண்ணிக்குச்சியை வளைத்து ஆளை அசத்தும் அளவில் யானைகள் செய்தார்கள்; அவை 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. இந்தச் செடியால் நடந்த உருப்படியான காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.) தோட்டத்தில் இதை விதைப்பது கொண்டைக்குருவியும் மைனாவும். பழத்தைத் தின்றுவிட்டு உங்கள் செம்பருத்தியில் வந்து உட்கார்ந்து எச்சமிடும்; முளை சரியாகச் செடியின் மடியில் வரும். தொட்டால் சொரசொரக்கும் இலை, கசக்கினால் குப்பென்று வாடை, நாலு பட்டையாகத் தண்டு. ஒரு சாண் உயரத்துக்குள் பிடுங்கிவிடுங்கள். பெரிதாகிவிட்டால் மண்மட்டத்தில் வெட்டுவது கவாத்து செய்த மாதிரிதான். இன்னும் அடர்ந்து வரும். மண்ணைத் தோண்டி, தண்டும் வேரும் சேரும் இடத்துக்கு மூன்று நாலு விரல்கடை கீழே வேரை அறுத்து எடுக்கவேண்டும். துளிர்க்கும் மொட்டுகள் அந்தச் சந்திப்பில்தான் இருக்கின்றன. நர்சரியில் கலர் கலராக இதே இனத்தை விற்பார்கள். வாங்காமல் இருப்பது நல்லது.

மூடாக்கு: மண்ணை அம்மணமாக விடாதீர்கள்

பிடுங்கி முடித்த அன்றைக்கே மூடவேண்டும். திறந்து கிடக்கும் மண்ணில் ஏதோ ஒன்று முளைத்தே தீரும்.

வாங்கவேண்டியது ஒன்றும் இல்லை. வேப்பஞ்சருகு, புங்கஞ்சருகு, தென்னை ஓலைத் துண்டு, தேங்காய் மட்டை, கடலைத்தோல், கரும்புச் சோகை, எது கிடைக்கிறதோ அது. நாலைந்து விரல் கனத்துக்குப் போடுங்கள். அதற்குக் குறைந்தால் களைக்குக் குளிர்ச்சியான மெத்தை போட்டுக்கொடுத்தது மாதிரி ஆகிவிடும். சருகு மழையில் அமுங்கி இரண்டு மாதத்தில் பாதியாகும், மேலே மேலே சேர்த்துக்கொண்டே போகவேண்டும். களைத்தொல்லை அதிகமுள்ள இடத்தில் அடியில் பழைய செய்தித்தாள் எட்டுப் பத்துத் தாள் கனத்துக்கு, அல்லது டேப்பைக் கிழித்தெடுத்த அட்டைப்பெட்டி விரித்து நனைத்துவிட்டு, அதன்மேல் சருகு. விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று அரைச் சாண் ஏறியிருக்கட்டும்.

தண்டைச் சுற்றி நாலு விரல் இடைவெளி கட்டாயம். மூடாக்கு தண்டைத் தொட்டால் மழைக்காலத்தில் அடியழுகல், கோடையில் கரையான். வைக்கோல் போடுபவர்கள் உதறிப் பார்த்துப் போடுங்கள், பதரோடு புல்விதையும் வரும். தென்னை நார்த்தூள் என்றால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுத்தான். பச்சையான நார்த்தூளில் உப்பு இருக்கும்.

கடையில் விற்கும் கறுப்பு நெய்த விரிப்பு பாதைக்கும் கார் நிற்கும் இடத்துக்கும் சரி. புதர்ச்செடி அடியில் எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் மேலே மண் படிந்து, அதில் களை முளைத்து, வேர் நெசவுக்குள் பின்னிக்கொள்ளும். அப்போது களையைப் பிடுங்கினால் விரிப்பு வரும், விரிப்பைப் பிடுங்கினால் செடியின் வேர் வரும்.

புதிதாகச் செடி வைக்கப்போகிற காலியிடமாக இருந்தால் உங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் மண்ணைப் பொலபொலவென்று கொத்தி, நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலித்தீனை மண்ணோடு ஒட்ட விரித்து, சுற்றிலும் ஓரத்தை மண்ணால் மூடி நாலிலிருந்து ஆறு வாரம் விட்டுவிடுங்கள். மேல்மண்ணில் இருக்கும் விதைகள் பெரும்பாலும் வெந்துபோகும். கறுப்பு பாலித்தீன் இந்த அளவு சூட்டை மண்ணுக்குள் இறக்காது. கோரைக்கிழங்குக்கு இது போதாது. அதற்கு முன்னதாகவே மண்ணைப் புரட்டி, கிழங்கைப் பொறுக்கி, மிச்சத்தை வெயிலில் காயப்போட்டிருக்கவேண்டும்.

தண்ணீர்

ஹோஸைப் பிடித்துக்கொண்டு தோட்டம் முழுக்கப் பீய்ச்சினால் களைக்கும் சேர்த்து விருந்து. செடியடி வட்டத்துக்குள் மட்டும் விடுங்கள். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் மூடாக்குக்கு அடியில் ஓடட்டும். உரமும் மூடாக்கை விலக்கி, மண்ணில் கலந்து, மறுபடி மூடுவது.

களை எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது

பாதிக் களை நாமே கூப்பிட்டு வந்ததுதான். நர்சரிப் பையில் செடியோரம் இரண்டு பச்சை இலை எட்டிப் பார்த்தால் உருட்டிப் பாருங்கள். கோரையாக இருந்தால் அந்தப் பையை வாங்காதீர்கள். பிடித்த செடிதான், விட மனமில்லை என்றால் நடும் முன் மேல்மண்ணை இரண்டு விரல்கடைக்கு வழித்துப் போட்டுவிட்டு, பக்கவாட்டில் தெரியும் இழைகளையும் கிழங்கையும் எடுத்துவிடுங்கள். ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு நட்டால் இன்னும் உத்தமம்.

செம்மண் லோடு வாங்கும்போது, மேல்மண்ணைச் சுரண்டி எடுத்ததா, ஆழத்தில் எடுத்ததா என்று கேளுங்கள். மேல்மண்ணில் விதையும் கிழங்கும் இலவசமாக வரும். கொட்டியவுடன் பரப்பாமல், குவியலை நனைத்து இரண்டு வாரம் விட்டால் என்ன முளைக்கிறது என்று தெரிந்துவிடும். பச்சைச் சாணியை நேரடியாகப் போடுவதும் இப்படித்தான். மாட்டு வயிற்றைத் தாண்டியும் பல விதைகள் உயிரோடு வருகின்றன. நன்றாக மக்கி, கையில் எடுத்தால் சாணி வாடை இல்லாமல் உதிரும் எரு மட்டும் செடிக்கு.

பிடுங்கியதைத் தெருமுனையில் கொட்டினால் அடுத்த காற்றுக்கும் மழைக்கும் திரும்பி வரும். பூக்காத விதைக்களைகள் உரக்குழிக்குப் போகலாம். பூத்த பார்த்தீனியம், கோரைக்கிழங்கு, அருகுக் கொடி, வெடிலியா இவற்றைச் சிமெண்ட் தரையில் பரப்பி, கிழங்கை உடைத்தால் உள்ளே வெளுப்பு போய்க் காய்ந்து பழுப்பாகும்வரை விடவேண்டும். மழைக்காலத்தில் கறுப்புப் பையில் இறுகக் கட்டி மொட்டை மாடியில் போட்டுவிடலாம்.

களைக்கொல்லி பற்றி

கடையில் கேட்டால் கிளைபோசேட்டை எடுத்து நீட்டுவார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணி உரிமம் பெற்றவர்கள் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. சட்டத்தை விட்டாலும், புதர்ச்செடி அடியில் அது ஆபத்தான பொருள். இலையிலோ இளம்பச்சைப் பட்டையிலோ சாரல் பட்டால் செடிக்குள் இறங்கி வேர்வரை போகும். மல்லி மாதிரி தரையோடு படரும் செடியில் சாரல் படாமல் தெளிப்பது நடக்காத காரியம்.

பக்கத்து வயலிலோ மனையிலோ 2,4-டி என்ற களைக்கொல்லியைத் தெளித்த சில நாளில் உங்கள் செம்பருத்தியின் குருத்து முறுக்கிக்கொண்டு, இலை விரல் மாதிரி குறுகினால் வைரஸ் என்று நினைத்து மருந்து தேடவேண்டாம். காற்றில் வந்த சாரல். பருத்தி இந்த மருந்துக்குச் சட்டென்று சுருளும். செம்பருத்தியும் அதே குடும்பம்தான். முறுக்கிய கிளையைக் கத்தரித்து, தண்ணீர் தவறாமல் விட்டால், சாரல் லேசாக இருந்தவரை தேறிவிடும்.

வினிகர் இலையை மட்டும் கருக்கும். கிழங்குக்கு அது தெரியவே தெரியாது. கொதிக்கிற வெந்நீர் தளக்கல் இடுக்கிலும் சுவரோரத்திலும் முளைப்பதற்கு நல்ல வைத்தியம். செடிக்கு இரண்டடி தள்ளி ஊற்றவேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாகப் பக்கத்துக் காலி மனை. உரிமையாளர் வெளியூரில் இருப்பார், மனை முழுக்கப் பார்த்தீனியம் நிற்கும். முழுவதையும் சுத்தம் செய்ய உங்களால் முடியாது. சுவரை ஒட்டி ஐந்தடி அகலத்துக்கு மட்டும், பூ வருமுன், வருஷத்துக்கு மூன்று முறை வெட்டிவிடுங்கள். போன் நம்பர் கிடைத்தால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சுத்தம் செய்த அந்த ஐந்தடி இடத்தில் தகரை விதையைத் தூவிவிடலாம். பார்த்தீனியத்தோடு முட்டி மோதி அதை அமுக்குகிற சில செடிகளில் அதுவும் ஒன்று. தகரை உங்கள் சுவர் தாண்டி வந்தால் பிடுங்குவதும் சுலபம்.